நாச்செஸ் ட்ரேஸ்: நடந்து வீடு திரும்பியவர்களின் சாலையில் சைக்கிள்

கேள்வி இதுதான்: வார இறுதிகளில் 80, 90 கி.மீ. ஓட்டிப் பழகிய ஒருவர், அமெரிக்காவின் நாச்செஸ் ட்ரேஸ் பார்க்வேயை முழுவதுமாகச் சைக்கிளில் கடக்க நினைக்கிறார். எத்தனை நாள் ஆகும், எந்தப் பக்கமிருந்து கிளம்புவது, ஏற்றங்கள் ஆளைக் கொல்லுமா, வழியில் இருக்கும் பழைய இடங்களில் எவற்றுக்கு நிற்பது?

நான் இந்தச் சாலையை இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். முதல் முறை பலரும் போவதுபோல வடக்கிலிருந்து தெற்கே, நாஷ்வில்லில் கிளம்பி நாச்செஸில் முடித்தேன். இரண்டாம் முறை தலைகீழாக. இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

முதலில் சாலை. மொத்தம் 444 மைல், அதாவது 715 கி.மீ. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாச்செஸ் ஊரில் தொடங்கி, மிசிசிப்பி மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, அலபாமாவின் மூலையை 33 மைல் தொட்டு, டென்னசியில் நாஷ்வில்லுக்குச் சற்று வெளியே முடிகிறது. 1938இல் இது தேசியப் பூங்கா சேவையின் கைக்கு வந்தது. கடைசித் துண்டு போட்டு முடிக்க 2005 ஆகிவிட்டது. லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகை இல்லை. பெரும்பாலான தூரத்துக்குக் கார்களின் உச்ச வேகம் மணிக்கு 50 மைல், சுமார் 80 கி.மீ. இதெல்லாம் நமக்கு நல்ல செய்தி. கெட்ட செய்தி, கடையும் இல்லை, சாலையோரத்தில் தார் போட்ட விளிம்பும் இல்லை. இரண்டே தடங்கள், வெள்ளைக் கோடு, அதற்கப்புறம் புல்.

இப்போது திசை. இந்தச் சாலை ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் திசை தானாகவே விளங்கும். 1700களின் கடைசியிலும் 1800களின் தொடக்கத்திலும் ஒஹையோ பள்ளத்தாக்கு விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தட்டையான மரப்படகுகளில் ஏற்றி, ஆற்றோட்டத்தோடு நாச்செஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். கென்டக்கிக்காரர்கள் அதிகம் என்பதால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர்களுக்குப் பெயர் ‘கெயின்டக்’. சரக்கை விற்றார்கள். மிசிசிப்பியின் ஓட்டத்தை எதிர்த்து அந்தப் படகை மேலே தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் படகையும் மரவிலைக்கு விற்றுவிட்டு, காசை இடுப்பில் முடிந்துகொண்டு, காட்டுவழியே வடக்கு நோக்கி நடந்தார்கள். சாக்டா, சிக்கசா என்ற பழங்குடி மக்களின் பழைய தடங்கள்தாம் அந்த வழி. 1801இல் அந்த இரண்டு மக்களோடும் ஒப்பந்தம் போட்டு, அமெரிக்க அரசு அதைத் தபால் சாலையாக்கி அகலப்படுத்தத் தொடங்கியது. பிறகு நீராவிப் படகு வந்தது. அது ஆற்றை எதிர்த்துப் போகும். 1820 வாக்கில் காட்டுவழிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆக, இது தெற்கே போகும் சாலையே அல்ல. அந்தப் படகுக்காரர்களுக்கு இது வீட்டுக்குத் திரும்பும் சாலை, வடக்கே போகும் சாலை. வழியில் இருக்கும் பழைய இடங்களும் அந்த வரிசையில்தான் பொருள் தருகின்றன. முதல் முறை எதிர்த்திசையில் போனபோது எனக்கு எல்லாமே துண்டு துண்டாக இருந்தது, கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதுபோல.

சைக்கிள்காரர் கணக்கிலும் தெற்கு-வடக்குதான் தேறுகிறது. மைல்கற்கள் நாச்செஸில் பூஜ்யத்தில் தொடங்கி ஏறுகின்றன. அவை சாலையின் கிழக்கு ஓரத்தில் நடப்பட்டிருப்பதால் வடக்கே போகிறவருக்கு வலப்பக்கம், கண்ணுக்கு நேராக வரும். வசந்த காலத்தில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும், முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். (அக்டோபரில் போனால் இந்தக் கணக்கு சரிவராது. குளிர்காற்று வடக்கிலிருந்து முகத்தில் அடிக்கும் நாளும் உண்டு.) எல்லாவற்றையும்விட முக்கியம், கடுமையான ஏற்றங்கள் டென்னசியில்தான் இருக்கின்றன. வடக்கிலிருந்து கிளம்பினால் கால் பழகாத முதல் நாளே அவற்றில் மாட்டிக்கொள்வோம். முதல் முறை நான் அப்படித்தான் ஒவ்வொரு மேட்டிலும் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாம் நாள் இடது முழங்கால் மடங்க மறுத்தது. அதற்கப்புறம் பார்க்க வேண்டிய இடங்களின் பலகைகள் பலவற்றை நிற்காமலே கடந்தேன். சைக்கிளிலிருந்து இறங்கினால் மறுபடி ஏற முடியுமா என்ற பயம்.

ஏற்றங்களைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். இங்கே மலை இல்லை. வழியில் 193ஆம் மைலில் லிட்டில் மவுண்டன் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் மலை, உயரம் 603 அடி, 184 மீட்டர். சாலையில் அமைந்த ஏற்றங்கள் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை. ஆனால் அவை நிற்பதில்லை. ஒன்று முடிந்து இறங்கினால் அடுத்தது. நாள் முழுக்க அலை அலையாக இதேதான். ஒரு பெரிய மலை என்றால் அதற்கு மரியாதை கொடுத்து மெதுவாக ஏறுவோம். இந்தச் சின்ன மேடுகளை ‘இதுதானே’ என்று வேகமாக ஏறிவிடுவோம். அங்கேதான் கால் காலியாகிறது.

நான் கடைப்பிடித்தது மிக எளிய முறை. மேட்டின் அடிவாரத்தில், மிதி கனப்பதற்கு முன்பே கியரைக் குறைப்பேன். ஏறும்போது கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் வேகம் அதிகம். உச்சிக்கு வந்ததும் காலை நிறுத்திவிடக் கூடாது. சரிவில் வேகம் பிடிக்கும்வரை இன்னும் பத்துப் பதினைந்து சுற்று மிதிக்க வேண்டும். அந்த வேகம் அடுத்த மேட்டில் பாதியை இலவசமாக ஏற்றிவிடும். கியர் சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் வரை இருந்தால் மூட்டையோடு போகிறவர்களுக்கும் போதும். டயர் 28 மி.மீ. அல்லது 32. தார் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பழைய ஒட்டுக்களும் வெடிப்புகளும் வரும்.

சரி, இடங்கள். தெற்கிலிருந்து வரிசையாகப் போகலாம், ஆனால் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டும் பழுப்புப் பலகை கண்ட இடமெல்லாம் நின்றால் மாதக்கணக்கில் ஆகும்.

10ஆம் மைலில் சாலையிலிருந்து சற்று விலகினால் எமரால்டு மண்மேடு. சுமார் 8 ஏக்கர் பரப்பு, 35 அடி உயரம், மேலே சமதளம், அதன் ஒரு கோடியில் இன்னொரு மேடு. ஏற்கெனவே இருந்த ஒரு குன்றின் பக்கங்களில் மண் கொட்டிக் கொட்டி அதற்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். நாச்செஸ் என்ற பழங்குடி மக்களின் முன்னோர்கள் செய்த வேலை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கியது. கூடையில் சுமந்த மண். ஒவ்வொரு கூடையையும் யாரோ தூக்கி வந்திருக்கிறார் என்பது மேலே நின்று நாலாபக்கமும் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

15ஆம் மைலில் மவுண்ட் லோகஸ்ட். 1780 வாக்கில் கட்டிய மரவீடு, மிசிசிப்பியின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. நாச்செஸிலிருந்து கெயின்டக்குகள் ஒரு நாள் நடையில் வந்து சேரும் தூரம் என்பதால் சத்திரமாகிவிட்டது. 25 சென்ட் கொடுத்தால் இரவுச் சாப்பாடும், திண்ணையில் படுக்க இடமும். நீங்கள் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் அங்கே நிற்பீர்கள். அவர்களுக்கு ஒரு நாள். இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே தெற்கிலிருந்து கிளம்பலாம். வீட்டுக்குப் பின்பக்கம் நடந்தால், அங்கே அடிமைகளாக உழைத்தவர்களைப் புதைத்த இடமும் இருக்கிறது. திண்ணையை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

முழுச் சாலையிலும் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் 41.5ஆம் மைலில் நில்லுங்கள். ‘அமிழ்ந்த தடம்’ என்று பெயர். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில அடி நடந்தால் பூமி உங்களை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரு பக்கமும் தலைக்கு மேல் உயரும் மண்சுவர், அதிலிருந்து தொங்கும் மரவேர்கள், மேலே கிளைகள் கூடி அடைத்த வெளிச்சம். யாரும் வெட்டிய பள்ளம் அல்ல இது. இந்தப் பகுதி மண் ‘லோஸ்’ என்ற வகை, பனியுகத்தில் காற்று அள்ளி வந்து படியவைத்த நுண்துகள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், பழுப்பு நிற விபூதி. காலும் குளம்பும் சக்கரமும் பட்டால் பொடியாகும், மழை வந்து பொடியை அடித்துப் போகும், தடம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதே மண்ணுக்கு இன்னொரு குணம், செங்குத்தாக அறுந்தால் சரியாமல் சுவராகவே நிற்கும். அதனால்தான் நடந்தவர்கள் போய் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பள்ளம் மூடிக்கொள்ளாமல் இருக்கிறது. ஒரு குறிப்பு: சைக்கிள் ஷூவின் அடியில் இருக்கும் கிளீட்டோடு இறங்காதீர்கள். ஈரமாக இருந்தால் வழுக்கி விழுவது நிச்சயம். நான் செருப்பு கொண்டுபோயிருந்தேன், முதல் முறை பட்ட அனுபவம் அப்படி.

அந்த லோஸ் மண்ணின் மறுபக்கம் 55ஆம் மைலில் ராக்கி ஸ்பிரிங்ஸ். 1860இல் இந்த ஊரும் சுற்றுப்புறமும் சேர்த்து 2,616 பேர் இருந்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர், 1878இல் மஞ்சள் காய்ச்சல், அப்புறம் பருத்தியைத் தின்ற கூன்வண்டு, பருத்தி போட்டுப் போட்டு அரித்துப்போன அதே மண். கடைசியில் ஊருக்குப் பெயர் தந்த ஊற்றும் வற்றியது. இன்றைக்கு 1837இல் கட்டிய ஒரு தேவாலயம் நிற்கிறது. மரங்களுக்கு நடுவே துருப்பிடித்த இரும்புப் பெட்டகம் கிடக்கிறது. கடையில் பணம் வைத்தது. காசு போனது, கடை போனது, பெட்டகம் மட்டும் தூக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

அதன் பிறகு ஜாக்சன் நகரப் பகுதி வரும். அங்கே ஒரு பார்வையும் வேண்டாம், கார்கள் மீது கண் இருந்தால் போதும். 122ஆம் மைலில் சைப்ரஸ் சதுப்பு, மரப்பாலத்தில் அரைமணி நேரம், நிழல். நடுமிசிசிப்பி நீளமானது, பசுமையானது, கொஞ்சம் அலுப்பானதும்கூட. மறைக்கவில்லை.

டூப்பலோவுக்குக் கொஞ்சம் முன்னால், 261.8ஆம் மைலில் சிக்கசா கிராமம் இருந்த இடம். வீடுகளின் எல்லையைத் தரையில் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான், வெறும் புல்வெளி. ஆனால் இங்கே நின்று யோசிக்க விஷயம் இருக்கிறது. 1813இல் ஆண்ட்ரூ ஜாக்சன், நாச்செஸில் கலைத்துவிடச் சொன்ன தன் படையைக் கலைக்காமல், இதே வழியில் டென்னசிக்கு நடத்திக் கூட்டிப் போனார். அதில்தான் ‘ஹிக்கரி’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது. அந்த மரம் போல உறுதியானவராம். அதே ஜாக்சன் ஜனாதிபதியாகி 1830இல் பழங்குடிகளை வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தடம் போட்டவர்களான சாக்டாக்களும் சிக்கசாக்களும் மேற்கே விரட்டப்பட்டார்கள்.

269.4இல் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் இருந்த, பெயர் தெரியாத 13 வீரர்களின் கல்லறைகள். பழைய மண்தடத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். 286.7இல் ஃபார் மேடுகள், 90 ஏக்கர் வெளியில் எட்டு மண்மேடுகள், ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழமை. முழங்கால் வலியில் நான் தவறவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டாம் முறை விடியற்காலையில் போனேன். புல்மேல் மூடுபனி தரையோடு கிடக்க, மேடுகளின் முதுகு மட்டும் தெரிந்தது.

அலபாமாவில் 327ஆம் மைலில் டென்னசி ஆறு. ஜார்ஜ் கோல்பர்ட் என்ற சிக்கசா தலைவர் இங்கே பரிசல் துறை நடத்தினார். ஜாக்சனின் படையைக் கரையேற்ற 75,000 டாலர் கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையாக இருந்தால் நல்ல வியாபாரி. இப்போது நீளமான பாலம். பக்கக்காற்று அடிக்கும், கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் ஆனால் விடாமல் போங்கள்.

338ஆம் மைல் அருகே சாலையிலிருந்து சிறிது விலகினால் ஒரு கற்சுவர். பூச்சு இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கி, ஒரு மைலுக்கு மேல் நீளும் சுவர். டாம் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் 30 ஆண்டுகளுக்கு மேல் தன் கையால் அடுக்கினார். 2017இல் காலமானார். யூச்சி இனத்தைச் சேர்ந்த அவருடைய பாட்டியின் பாட்டி தே-லா-நே, மேற்கே விரட்டப்பட்ட பிறகு, இருக்கப் பிடிக்காமல் ஐந்து வருடம் நடந்தே இந்த ஆற்றுக்குத் திரும்பி வந்தாராம். அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல் என்பது சுவரின் கணக்கு. இது பூங்கா சேவையின் பலகைகளில் வராத இடம். தேடிப் போங்கள்.

அப்புறம் டென்னசி. மேடுகள் நீளும், காடு அடரும், உங்கள் கால்கள் அதற்குள் பழகியிருக்கும். 386ஆம் மைலில் மெரிவெதர் லூயிஸ் கல்லறை. வில்லியம் கிளார்க் என்பவரோடு சேர்ந்து பசிபிக் கடல் வரை நாடாய்வுப் பயணம் போய் வந்தவர். 1809 அக்டோபரில், வாஷிங்டனுக்குப் போகும் வழியில், கிரைண்டர் சத்திரத்தில் இரவு தங்கினார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து விடியும்போது இறந்துபோனார். வயது 35. தற்கொலையா கொலையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1848இல் வைத்த நினைவுத்தூண் வேண்டுமென்றே பாதியில் உடைந்ததுபோலச் செய்யப்பட்டது. 407.7இல் கார்டன் வீடு, 1818இல் கட்டிய செங்கல் வீடு. டக் ஆற்றில் பரிசல் நடத்திய ஜான் கார்டன் கட்டி முடித்த அடுத்த ஆண்டே இறந்தார். அவர் மனைவி 1859 வரை அங்கேயே வாழ்ந்தார். 438இல் 1994இல் முடித்த இரட்டை வளைவுப் பாலம், பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 47 மீட்டர் உயரம். மேலே போகும்போது ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அழகு. ஆனால் இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். நான் இறங்கவில்லை.

நாட்கணக்கு. உங்கள் பழக்கத்துக்கு எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நாச்செஸிலிருந்து ராக்கி ஸ்பிரிங்ஸ், 88 கி.மீ. இரண்டாம் நாள் ஜாக்சனை ஒட்டிய ரிட்ஜ்லாண்ட், 80 கி.மீ. அடுத்தது கோசியஸ்கோ. நான்காம் நாள்தான் நீளமானது, ஹூஸ்டன் என்ற சிற்றூர் வரை 110 கி.மீ. டெக்சஸ் ஹூஸ்டன் அல்ல. ஐந்தாம் நாள் டூப்பலோ வரை 60 மட்டும், மதியத்துக்குள் முடித்துக் காலை நீட்டலாம். பிறகு கோல்பர்ட் துறை, லூயிஸ் கல்லறை, கடைசியாக நாஷ்வில் முனை, மூன்றும் நூறுக்குச் சற்றுக் குறைவு. ராக்கி ஸ்பிரிங்ஸ், ஜெஃப் பஸ்பி (லிட்டில் மவுண்டன் இருக்கும் 193ஆம் மைல்), மெரிவெதர் லூயிஸ் மூன்று இடங்களிலும் பூங்கா சேவையின் இலவச முகாம்கள் உண்டு, முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கு இடம். கோசியஸ்கோ, டூப்பலோ, கோல்பர்ட் துறை போன்ற இடங்களில் சைக்கிள்காரர்களுக்கு மட்டுமான முகாமும் இருக்கிறது. கூடாரம் வேண்டாம் என்றால் சாலையிலிருந்து சில கி.மீ. விலகி ஊருக்குள் விடுதி பார்க்க வேண்டும். அந்தச் சில கி.மீ.யையும் அன்றைய கணக்கில் சேருங்கள், நான் சேர்க்காமல் இருட்டில் திணறியிருக்கிறேன். மராமத்துக்காகச் சில துண்டுகளையும் முகாம்களையும் மூடுவது வழக்கம், கிளம்பும் வாரம் பூங்கா சேவையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்தான் தினசரிக் கவலை. சாலையில் கடை இல்லை என்றேன். குழாய் இருக்கும் நிறுத்தங்களுக்கு இடையே மூன்று மணி நேரம்கூட ஆகலாம். மூன்று பாட்டில் வையுங்கள், குழாய் கண்ட இடத்தில் பாதி பாட்டிலையும் நிரப்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகவே போகாதீர்கள், புழுக்கம் தாங்காது. ஏப்ரலும் அக்டோபரும் நல்லவை. ஏப்ரலில் இடிமழையும் சுழற்காற்று (டொர்னாடோ) எச்சரிக்கையும் வரும், போனில் வானிலை பார்க்காமல் காலையில் கிளம்ப வேண்டாம்.

கார்கள். சைக்கிளுக்கு முழுத் தடத்தையும் பயன்படுத்த உரிமை உண்டு, பலகையும் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒட்டிப் போனால்தான் கார்க்காரருக்கு இடித்துக்கொண்டு முந்தத் தோன்றும். சக்கரம் வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருக்கட்டும். வரிசையாகப் போங்கள், பகலிலும் பின்விளக்கு எரியட்டும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை போடுங்கள். மேடு பள்ளச் சாலையில் உச்சிக்கு அந்தப்பக்கம் வருகிறவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். ஜாக்சன், டூப்பலோ, நாஷ்வில் மூன்றின் அருகிலும் காலை, மாலை அலுவலக நேரத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நாச்செஸ் போய்ச் சேருவது எப்படி? பெரிய விமான நிலையம் அங்கே இல்லை. நான் ஜாக்சனில் இறங்கி, சைக்கிள் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு சுமார் 160 கி.மீ. தெற்கே போனேன். திரும்புவது சுலபம், நாஷ்வில்லில் விமானம் ஏறிவிடலாம். ஆனால் 444ஆம் மைலில் பார்க்வே முடிந்து 100ஆம் நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் எட்டு நாளாகக் காணாத போக்குவரத்து ஒரேயடியாக மேலே விழும். அங்கிருந்து நகருக்குள் சைக்கிளில் போகாமல், தெரிந்தவர் யாரையாவது வண்டியோடு அந்தச் சந்திப்பில் காத்திருக்கச் சொல்லுங்கள்.